ஆன்டி, மீயும் பாசிட்டிவ்

என் வேனை விற்றுவிடுவது என்று என்னைத் தவிர எல்லாரும் முடிவு செய்த வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன். காரணம், என் தசைகள். என் தசைகளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வருடம் எங்கள் ஊர் கிள்ளான் முழுக்க முளைத்திருந்தார்கள். கோயிலுக்குப் போனால் ஒருவர், காய்கறி பாசாருக்குப் போனால் ஒருவர், கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு வரிசையே இருந்தது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மத்தியானம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், என் வளையல்களை விற்று வாங்கிய வேன். என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆக, வீட்டில் இரண்டு டிரைவர்கள். இருவரில் யார் கெட்டிக்காரர் என்ற சண்டை வேன் வாங்கிய நாளிலிருந்து நடக்கிறது. அவர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

முதலில் கெட்டுப்போனது வேனின் பக்கக் கதவு என்றுதான் நினைத்தேன். இழுத்துத் தள்ளுகிற கதவு. ஒரு நாள் காலையில் அது நகர மாட்டேன் என்றது. வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் இரண்டு விரலால் இழுத்துக் காட்டிவிட்டு, "கதவு ஓக்கே லா, அக்கா" என்றார். சரி என்று எண்ணெய் போடச் சொல்லி வாங்கி வந்தேன். மறுநாளும் நகரவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு பிள்ளை இறங்கி வந்து திறந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதி வழியில் இறங்கிவிடும். அலமாரியின் மேல்தட்டில் இருந்த கொத்தமல்லி டப்பா கீழ்த்தட்டுக்குக் குடிவந்தது. வேனில் ஏற ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. கண் இமைகள் இரண்டும் ஊதா நிறமாயின. என் நாத்தனார், கணவரின் அக்கா, இந்த வயதில் யாருக்காகக் கண்ணுக்குப் பூசிக்கொண்டு வேன் ஓட்டுகிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்பு வந்தது. அது பாத்திரம் கழுவும் சவர்க்காரம் என்றார்கள்.

கோயில் அன்னதானத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையை மடித்துவிட்டு எழுந்தால், எழ வரவில்லை. வலி ஒன்றும் இல்லை. மயக்கமும் இல்லை. தொடை என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பந்தி முழுக்க எழுந்துபோய் அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். இரண்டு பெண்கள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். சாதத்தைக் குறைக்கச் சொல்லி ஒருத்தி காதில் ஓதினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்பட்டுக் கையை உதறவும் தெம்பு வேண்டுமே.

நம் மொழியில் இதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. முடியல. சளி பிடித்தாலும் முடியல, வேலை செய்ய மனம் இல்லையென்றாலும் முடியல, கை நிஜமாகவே மேலே போகாவிட்டாலும் முடியல. நான் சொன்னபோது எல்லாரும் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிளினிக்கில் மலாயில் சொல்லிப் பார்த்தேன். அங்கே அது உடம்பு உளைச்சலாகி, ஒரு சத்து மாத்திரையும் தைலமும் கிடைத்தன.

ஒரு நாள் சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேன். வேன் நின்றது. விளக்கு பச்சையானதும் காலை மாற்றி வைக்க, கையால் தொடையைத் தூக்க வேண்டியிருந்தது. பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரையும் மெதுவாக இறக்கிவிட்டு வந்து, வேனை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்து உள்ளே வைத்தேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை, நானேதான் நிறுத்தினேன். அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீரம் காட்டுகிற ஆள் நான் இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு வேன்காரி, என்னைவிட இளையவள், என் பிள்ளைகளையும் சேர்த்து இரண்டு நடையாக ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாள். நான் திரும்பி வரும் வரைக்கும்தான் என்று அவளே சொன்னதும் எனக்கு அழுகை வந்தது.

கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசைக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று என் ரத்தத்தில் ஏகத்துக்கும் கலந்திருந்ததாம். உடனே கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே வார்டில் படுக்க வைத்து, தொடையில் ஒரு துண்டு தசையை வெட்டி எடுத்தார்கள். எங்கேயாவது கட்டி ஒளிந்திருக்கிறதா என்று தலையிலிருந்து கால்வரை படம் எடுத்துத் தேடினார்கள். நல்லவேளை, இல்லை. நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். டெர்மடோமயோசைட்டிஸ். தோலும் தசையும் சேர்ந்து அழன்று போகும் நோய். உடம்பின் காவல்காரர்கள் தசையின் மேலேயே பாய்வதால் வருவது என்று டாக்டர் விளக்கினார்.

மீ விவகாரம் அந்த வார்டில்தான் ஆரம்பித்தது.

நான் படம் எடுக்கப் போயிருந்த நேரம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஓர் இளம் சீன டாக்டர் வந்து, ரத்தத்தில் எந்த எதிர்ப்பொருள் என்று பார்க்கிற பரிசோதனை முடிவு வந்துவிட்டதை அவரிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மாதிரியான முடிவுதான், மருந்து நன்றாகக் கேட்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "ஆன்டி மீ டூ பாசிட்டிவ்."

இந்த ஊரில் என் வயதுப் பெண்ணை எல்லாரும் ஆன்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மீ என்றால் நூடுல்ஸ் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். டூ என்றால் ஆங்கிலத்தில் 'உம்'. என் கணவர் துறைமுக ஆங்கிலத்தில் தேர்ந்தவர். கூட்டிப் பார்த்தார். ஆன்டிக்கு, மீயும், பாசிட்டிவ். இறால் ஆகாது, கடலை ஆகாது என்று சிலருக்குப் பரிசோதனை செய்து சொல்வார்களே, அதுபோல எனக்கு மற்றவற்றோடு சேர்த்து மீயும் ஆகாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் டாக்டருக்குத் தலையாட்டி நன்றியும் சொன்னார்.

நான் திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டாங்க. மீதான். நீ இனி மீயைத் தொடாத" என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். ஸ்டெராய்டு மருந்து ஏறிக்கொண்டிருந்த மயக்கத்தில் நானும் நம்பினேன். எதிரியின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி அல்லவா.

ஏன் நம்பினேன் என்றால், அதில் ஓர் அநியாயமான பொருத்தம் இருந்தது. தினமும் காலை வேன் நடை முடிந்ததும், மரத்தடியில் இருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன் கடையில் நிறுத்தி, ஒரு தட்டு வறுத்த மீ கோரேங், ஒரு கிளாஸ் தே தாரிக் டீ. அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கானது. கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஹாரன் இல்லை. அண்ணன் கேட்காமலே உறைப்பு அதிகம் போடுவார்.

வீட்டிலிருந்து மீ வெளியேறியது. அரிசியில் செய்கிற மீஹூன் மீயா இல்லையா என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. பெயரிலேயே இருக்கிறது, அதனால் மீதான் என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். பட்டையாக இருக்கும் குவாய் தியாவின் பெயரில் மீ இல்லை, ஆனாலும் சந்தேகத்துக்கு இடமளித்து அதுவும் போனது. சேமியாப் பாயசத்தைக்கூட நாத்தனார் முறைத்துப் பார்த்தார். நாத்தனார் மரத்தடிக் கடைக்கே போய், இனி எனக்கு மீ கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செய்தி கிள்ளானைச் சுற்றி, ஜெஞ்சாரோம் வரை போய், டெங்கிலில் இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் வழியாக எனக்கே திரும்பி வந்தது. மீ சாப்பிட்டால் தசை கரையும். இதற்குள் கொஞ்சம் மசாலாவும் சேர்ந்திருந்தது. வீட்டில் சமைக்காமல் வெளியே தின்றால் இப்படித்தான் ஆகும். ஆம்பளைகளுக்குச் சமமாக ரோட்டோரம் உட்கார்ந்து சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களுக்கு மீ ஒரு சாக்கு. என் தசை கரைந்ததற்குக் காரணம் நான் வேன் ஓட்டியதுதான் என்று சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு, ஆஸ்பத்திரியே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மருந்து வேலை செய்தது. முகம் பூசணிக்காய் போல வீங்கியது, தூக்கம் போனது, பசி வந்தது. ஆனால் கையும் எழும்பியது. முதலில் தோள் வரை. பிறகு சீப்பு நெற்றியைத் தொட்டது. வீட்டுக்குள் நடக்க முடிந்தது, பிறகு தெருமுனை வரை. வெயில் ஆகாது என்பதால் நீளக்கை உறையும் தொப்பியுமாக நான் நடந்தபோது தெருவே பார்த்தது, பார்க்கட்டும் என்று நடந்தேன். மாத்திரை செய்த வேலைக்கு எல்லாரும் மீயை நிறுத்தியதைப் பாராட்டினார்கள்.

பல மாதம் கழித்து ஒரு கிளினிக் நாள். இந்த நோயையே ஆராய்ச்சி செய்கிற ஒரு மலாய் டாக்டர் அம்மா அன்று பார்த்தார். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுந்தேன். காலால் அவர் கையைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன், அவர் நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது. கை இன்னும் முழுசாக வரவில்லை, கால் நன்றாக வந்திருக்கிறது என்றார். வேன் ஓட்டலாமா என்று கேட்டேன். காலி வேனில், பக்கத்தில் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு பழகுங்கள், வேன் லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுங்கள் என்றார். அந்தச் சந்தோஷத்தில், அப்படியென்றால் மீஹூனாவது சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து மன்னிப்பும் கேட்டார். நான் மன்னிக்கவில்லை. இத்தனை மாதம் மீ இல்லாமல் இருந்தவள் நான். அதனால், எனக்கு ஒழுங்காக விளக்கினால்தான் இங்கிருந்து எழுவேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் என்னிடம் ஒன்று தேவைப்பட்டது. வெட்டி எடுத்த தசையில் மிச்சம் இருக்கிறதாம், அதை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த என் சம்மதம் வேண்டுமாம். சரி, விளக்கத்துக்குத் தசை என்று பேரம் முடிந்தது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் காலில் இருப்பதும் ஒன்றுதான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. தசையில் எது எழுந்து வேலை செய்ய வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. வாயை மூட வைக்கிற வேலையில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர்தான் மீ டூ, டூ என்பது இரண்டு என்கிற எண். கிருமியைப் பிடிப்பதற்காக உடம்பு செய்கிற எதிர்ப்பொருள், என் உடம்பில் தப்பாக இந்தப் புரதத்தைப் பிடிக்கிறது. அதனால் அது 'ஆன்டி', அதாவது எதிர், மீ டூ. என்னைக் கூப்பிட்ட ஆன்டி இல்லை. சாப்பிடுகிற மீயும் இல்லை.

இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் சும்மா மிதக்கிற ஓர் அடையாளம் என்றுதான் முன்பு பலர் நினைத்தார்களாம். இப்போது, அது தசையின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து அந்தப் புரதத்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதைப் பார்க்கிறார்களாம். தடுத்ததும், சும்மா இருக்க வேண்டிய மரபணுக்கள் எல்லாம் எழுந்துகொள்கின்றன. என் தசைத் துண்டில் எந்தெந்த மரபணு எழுந்து நிற்கிறது என்று படித்துப் பார்க்கத்தான் அவருக்கு அந்த மிச்சம் வேண்டும்.

எனக்கு என் வேன்தான் ஞாபகம் வந்தது. பின் சீட்டில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி உட்காருவாள். அவள் கண்ணைக் காட்டினால் சின்னதுகள் எல்லாம் உட்கார்ந்துவிடும். அவள் கண்ணைக் கட்டிப்போட்டால் அத்தனையும் எழுந்து நின்று ஆடும். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேனை ஓட்ட முடியாது. இதைச் சொன்னதும் டாக்டர் அம்மா, கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுக் கதை அது மட்டும் இல்லை, வீக்கமும் தசையைத் தின்கிறது, மிச்சத்தை நாங்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டேன். நான் என்ன செய்ததால் இது வந்தது. வெளியே சாப்பிட்டதா, வெயிலில் ஓட்டியதா, கோபமா.

"தெரியாது," என்றார். "யாருக்குமே முழுசாத் தெரியாது. ஆனா நீங்க தப்பா எதுவும் செய்யல."

கிள்ளானில் அத்தனை பேருக்கும் தெரிந்த காரணம், இதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாது என்ற சொல்லை நான் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் போல ஒரு மருந்து அதுவரை எனக்கு யாரும் தரவில்லை.

அடுத்த வாரங்களில், கணவர் வேலைக்குப் போன பிறகு, வேன்காரத் தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காலி வேனை ஓட்டினேன். முதலில் எங்கள் தாமான் குடியிருப்புச் சந்துகளில், பிறகு பெரிய ரோட்டில். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார், பயந்தால் நாத்தனாரைக் கூப்பிடுவார், நாத்தனார் வந்தால் எனக்கு நோய் திரும்பிவிடும். பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். தேறினேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாடு பூஃபே. வரிசையில் சாதம், கோழி வறுவல், அதற்குப் பக்கத்தில் பெரிய தட்டு நிறைய மீ. நான் இடுக்கியை எடுத்து இரண்டு பிடி வைத்தேன். பின்னால் நின்ற நாத்தனார் என் தட்டிலிருந்தே அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். அத்தனை பேர் முன்னால், ஐம்பது வயதைத் தாண்டிய என் தட்டிலிருந்து. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், இவளால்தான் என் தம்பிக்கு இவ்வளவு கஷ்டம் என்றும் சொன்னார்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. இடுக்கியை வாங்கி, முன்பு எடுத்ததைவிட அதிகம் வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, அந்த மீ வேற, இந்த மீ வேற. அது என் ஒடம்புக்குள்ள இருக்கிற ஒரு புரதம். நான் மீ சாப்பிட்டதால நோய் வரல. வேன் ஓட்டுனதாலயும் வரல. பெரிய டாக்டரே ஏன்னு தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

வரிசை நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு மொத்த வரிசைக்கும் நான் விளக்க வேண்டியதாயிற்று, ஆன்டி எப்படி ஆன்டி இல்லை, மீ எப்படி மீ இல்லை என்று. சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. நானும் சிரித்தேன். கணவர் ஒரு மூலையில், சாப்பிடாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அவர்தான் காரை ஓட்டினார். பாதி வழிக்கு மேல் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். தனக்கு அவ்வளவுதான் ஆங்கிலம் என்றார். வார்டில் எல்லாரும் ஏதேதோ பேர் சொன்னார்கள், ஒன்றும் புரியவில்லை, மீ ஒன்றுதான் புரிந்தது, அதை நிறுத்துவது ஒன்றுதான் தன் கையில் இருந்தது என்றார். அத்தனை மாதமும் இந்த மனிதர் என்னைக் காப்பாற்றத்தான் மீயோடு சண்டை போட்டிருக்கிறார். அவர் தோளைத் தொடக் கையைத் தூக்கினேன், தோள் வரை வந்தது.

அவர் அதே மூச்சில் சொன்னார், வேனுக்கு ஆள் பார்த்துவிட்டேன், ஜெஞ்சாரோமில் பள்ளி வேன் நடத்துகிறவர், அடுத்த வாரம் பார்க்க வருகிறார் என்று. உன் உடம்பே உனக்கு எதிரியாகிவிட்டது, இனி அதை எப்படி நம்புவது என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

உன் உடம்பே உனக்கு எதிரி. இதையும் நிறைய பேர் சொல்லிவிட்டார்கள், பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்த உடம்புதான் இரண்டு பிள்ளை பெற்றது, மழையில் டயர் மாற்றியது, மருந்து கொடுத்ததும் பேச்சைக் கேட்டு எழுந்தது. உள்ளே ஓர் எதிர்ப்பொருள் ஆள் தெரியாமல் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்காக உடம்பை எதிரி என்று சொல்ல என் வாயால் வராது. ஆனால் காரில் இதை ஒன்றும் சொல்லவில்லை. வாதாடி ஜெயிக்கிற விஷயம் இல்லை இது, ஓட்டிக் காட்டுகிற விஷயம்.

மறுநாளே வேனை ஸ்ரீ கெம்பாங்கானுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், தோழி பக்கத்தில் இருந்தாள். அங்கே ஒரு கடையில் பக்கக் கதவுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் கதவு தானாகத் திறக்கும். கைதானே மேலே வரவில்லை, விரல் வரும் அல்லவா. கணவர் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். தோழி ஓட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார், விற்கிற வண்டிக்கு மோட்டார் கதவு நல்ல விலை கொடுக்கும் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பரிசோதனையில் தேறியதைச் சொன்னேன், பயம் இருந்தால் தாராளமாகத் தோழியின் வேனிலேயே அனுப்புங்கள் என்றும் சொன்னேன். சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் எப்போதிலிருந்து என்று கேட்டார்கள்.

ஜெஞ்சாரோம்காரர் ஒரு வேலைநாள் மத்தியானம் வந்தார். கணவர் அதற்காக லீவு எடுத்திருந்தார். வந்தவர் டயரை உதைத்தார், எஞ்சினை எட்டிப் பார்த்தார், மோட்டார் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கணவர் சாவிக்காகக் கையை நீட்டினார். சாவி என் கையில் இருந்தது.

நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

ஏற நேரம் எடுத்தது. பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சைப் பிடித்து, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாதியில் கணவர் தாங்கிப் பிடிக்க ஓடி வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டார். நான் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்தேன். வந்தவர் பக்கத்தில் ஏறினார். கணவர் பின்னால் ஏறி, பிள்ளைகள் உட்காருகிற சின்ன சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தெருவைச் சுற்றி, பெரிய ரோட்டில் ஏறி, ரவுண்ட் அபவுட்டைத் தாண்டி, லோரிகளுக்கு நடுவில் புகுந்து திரும்பி வந்தேன். சிவப்பு விளக்கில் நின்றேன், பச்சையில் எடுத்தேன். கால் சொன்னதைச் செய்தது. எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ரிவர்ஸில் ஒரே முயற்சியில் வாசலுக்குள் விட்டேன். பின்னால் கணவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, கண்ணாடியில் பார்த்தேன்.

வந்தவர் இறங்கினார், வண்டி நன்றாக இருக்கிறது, எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் கேட்டார். எஞ்சினை நான் அணைக்கவில்லை. ஜன்னலை இறக்கி, இந்த வண்டி விற்பதற்கு இல்லை, இவ்வளவு தூரம் அலைய வைத்ததற்கு மன்னிக்கணும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். வீட்டில் ஆம்பளை சொன்னதை நம்பித்தானே வந்தேன் என்று கணவர் பக்கம் திரும்பினார்.

கணவர் இறங்கி நின்றார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்னை அவர் எப்போதும் அவ, இவ என்றுதான் சொல்வார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"டிரைவர் அவங்கதான், பாஸ்," என்றார். "அவங்களைக் கேக்காம நான் பேசியிருக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஏற்றிக்கொள்வதாகப் பிள்ளைகளின் வீடுகளில் சொல்லியிருந்தேன், பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது. கேட்டுக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்று இருவருக்கும் கையைக் காட்டிவிட்டு, நான் வேனை வெளியே எடுத்தேன்.